பழைய எஸ்யூவி தூக்கித் தூக்கிப் போடுகிறதா? சஸ்பென்ஷன் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய எஸ்யூவி முரடாக ஓட ஆரம்பித்தால், யாரும் அடியில் படுத்துப் பார்க்கும் முன்பே வந்துவிடும் தீர்ப்பு ‘ஷாக் போச்சு’ என்பதுதான் (ஷாக் என்பது ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்). நான்கு ஷாக்கையும் மாற்றிவிட்டு அதே குலுக்கலோடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஷாக் போயிருக்கலாம்தான். ஆனால் அதே தொல்லையைத் தரக்கூடிய ஏழெட்டு பாகங்கள் அதைச் சுற்றியே இருக்கின்றன, அவற்றில் பல ஷாக்கை விட மலிவானவை. காசைக் கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே இந்தக் கேள்வி பதில்கள்.

வண்டி ‘முரடாக’ ஓடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

‘முரடு’ என்ற ஒரே சொல்லில் நான்கைந்து வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருக்கைக்கு ஏறுகிறதா? பெரிய பள்ளத்தில் மட்டும் ‘டங்’ என்று அடி வாங்குகிறதா? மேட்டைத் தாண்டிய பிறகும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறதா? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறதா? பிரேக் பிடித்தால் மட்டுமா?

முதலாவதற்கு டயர், காற்று, இறுகிப்போன புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை). இரண்டாவதற்கு ஸ்பிரிங்கும் பம்ப் ஸ்டாப்பும் (சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கும்போது முட்டும் ரப்பர்க் கட்டை). மூன்றாவதுதான் உண்மையில் ஷாக்கின் அடையாளம். நான்காவது என்றால் சந்தேகம் சக்கரம், டயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் போகும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள், சஸ்பென்ஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது இதை அப்படியே சொல்லுங்கள். ‘இடது முன்பக்கம், மெதுவாகப் போகும்போது, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் சத்தம் வருகிறது’ என்று சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

டயரால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். டயரைப் பார்க்காமல் சஸ்பென்ஷனில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரோட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

வண்டி சில மணி நேரமாவது நின்று, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு; அதைப் பார்த்து அடித்தால் வண்டி கல் மாதிரிதான் ஓடும். வெயில் குளிர் மாறும்போதும் காற்று மாறும்: சுமார் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ.

அடுத்தது வயது. பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பட்டன் (ரோட்டில் படும் மேல்பரப்பு) நன்றாக இருந்தாலும் 6 வருடம் ஆனால் மாற்றச் சொல்லும் வண்டித் தயாரிப்பாளர்கள் பலர். 10 வருடத்தைத் தாண்டவே கூடாது என்பது டயர் தயாரிப்பாளர்கள் பலரின் வரம்பு. பழைய ரப்பர் இறுகிவிடும், அந்த இறுக்கம் நேராக உங்கள் முதுகுக்கு வரும்.

உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். மேடும் குழியுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் பலவீனமாகிச் சக்கரம் ரோட்டில் துள்ளிக்கொண்டிருந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் போயிருக்கலாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அல்லது அலைன்மென்ட்டைக் கெடுக்கும் ஒரு தேய்ந்த புஷ். எங்காவது வீங்கியிருந்தால் அந்த டயரில் இனி ஓட்ட வேண்டாம்.

பெரிய ரிம், தடித்த ஆஃப்-ரோடு டயர் மாட்டியிருக்கிறீர்களா? பக்கச்சுவர் விறைப்பு, சக்கரத்தின் கூடுதல் எடை இரண்டுமே ஓட்டத்தை முரடாக்கும். எந்த ஷாக் போட்டாலும் அது முழுதாகப் போகாது.

மட்கார்டை அமுக்கிவிட்டுப் பார்த்தால் ஷாக்கின் நிலை தெரிந்துவிடுமா?

முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும் காட்டிக் கொடுக்கும். கையால் அமுக்கும் வேகமும் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் வேகமும் ஒன்றல்ல. அதோடு, கனமான எஸ்யூவியைக் கையால் அசைப்பதே கஷ்டம். அமுக்கிவிட்டதும் ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்று நான்கு தடவை ஆடினால் கெட்டுவிட்டது என்பது நிச்சயம்.

கண்ணால் பார்ப்பது மேல். ஷாக்கின் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் கவலை வேண்டாம், அது சகஜம். எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தால் உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது. தண்டில் கீறல், துரு, உடம்பில் நசுங்கல், மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ் கிழிந்து ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். அந்த ரப்பர் போனாலே ‘டொக் டொக்’ சத்தம் வரும்.

ஷாக் தண்டு வெளியே தெரிகிற அமைப்பாக இருந்தால் எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. தண்டில் கேபிள் டை ஒன்றை, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டி நிற்கும்படி வையுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு தூரம் சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. சாதாரண சாலையிலேயே அது கடைசி வரை போயிருந்தால், இருக்கும் இடத்தையெல்லாம் வண்டி தீர்த்துக்கொண்டு முட்டுகிறது.

ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி மெத்தென்று தானே ஆக வேண்டும்? ஏன் இடிக்கிறது?

பலரும் வழி தவறுகிற இடம் இது. உட்கார்ந்துபோன ஸ்பிரிங் வண்டியைக் கீழே இறக்கிவிடுகிறது. சக்கரம் மேலே ஏற இருந்த இடைவெளி குறைகிறது. சின்ன மேட்டிலேயே ஆக்சிலோ ஆர்மோ (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். முட்டிய கணத்திலிருந்து வண்டியைத் தாங்குவது அந்த ரப்பர்க் கட்டைதான். அந்த இடியைத்தான் ‘ஷாக் ரொம்ப ஹார்டா இருக்கு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றும் கணக்கைக் குழப்பும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். மேனுவல் கிடைக்காவிட்டாலும் இடது வலது வித்தியாசமே நிறையச் சொல்லும். ஒரு மூலை மட்டும் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்தக் காயில் (சுருள்) ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடித்தட்டில் உட்காரும் இடத்தில்தான் துருப்பிடித்து ஒடியும். அழுக்கு மூடியிருப்பதால் முதல் பார்வைக்குத் தெரியாது.

பம்ப் ஸ்டாப்பையும் பாருங்கள். நுரை மாதிரி இருக்கும் பாலியூரிதேன் வகை, வருடங்கள் போனால் விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். சில வண்டிகளில் அது உதிர்ந்து காணாமலே போயிருக்கும், இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருக்கும். அது முட்டுகிற தட்டு பளபளவென்று தேய்ந்திருந்தால் வண்டி அடிக்கடி அங்கே போய் மோதுகிறது. மலிவான பாகம், மாற்றுவதும் சுலபம். ஆனால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும்போது இதை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

மெதுவாகப் போகும்போது ‘லொட லொட’வென்று சத்தம் வருகிறது. வேகமாகப் போனால் கேட்கவில்லை.

முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வண்டி வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு). ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது சத்தம் அதிகமாகி, வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. கழற்றிய நிலையில் வளைவுகளில் வண்டி அதிகம் சாயும், அதனால் நடமாட்டமில்லாத இடத்தில் சோதனைக்கு மட்டும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் சுண்டுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) மேல் மவுன்ட்டும் அதன் பேரிங்கும்.

ஆர்ம் புஷ் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாற்றிய புஷ் ஆறு மாதத்தில் ஏன் கிழிகிறது?

டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரில் மேலோட்டமான வெடிப்புகள் தெரியும். அவை வயதின் ரேகைகள், அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் உள் உலோகக் குழாயை விட்டுப் பிரிந்திருக்கிறதா, கம்பியால் நெம்பினால் ஆர்ம் முன்னும் பின்னும் தாராளமாக நகர்கிறதா என்பதுதான் கேள்வி. புஷ்ஷிலிருந்து எண்ணெய் மாதிரி ஏதாவது கசிந்திருந்தால், அது உள்ளே திரவம் நிரப்பிய வகை, கசிந்துவிட்டால் முடிந்தது. ஓட்டும்போது பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஆக்சிலரேட்டரை விட்டால் இன்னொரு பக்கம் போவது இதன் அடையாளம்.

இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். இந்த ரப்பர் புஷ் உள்ளே வழுக்கிச் சுழல்வதில்லை. உள்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து அசையும், நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். சும்மா நிற்கும்போதும் முறுக்கு. பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு மேலும் முறுக்கு. வண்டியும் சற்று உயர்ந்து விறைப்பாக ஓடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

அதனால் போல்ட்டைக் கையிறுக்கத்தில் மட்டும் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். வேலை பார்ப்பவரிடம் இதை முன்கூட்டியே மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் உடனே நிறுத்த வேண்டுமா?

ஆம். கீழ் பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) கழன்றால் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மடிந்து, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும். ஓடும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதிக்கும்போது ஜாக்கி எங்கே நிற்கிறது என்பது முக்கியம். ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) கீழ் ஆர்மைத் தாங்கும் வண்டிகளில், சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அப்போதுதான் பால் ஜாயின்ட்டில் இருந்து பாரம் இறங்கும், உள்ளே இருக்கும் ஆட்டம் தெரியும். சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்ததையும் நல்லது மாதிரி காட்டிவிடும். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியில் (மேல் ஆர்ம் இல்லாமல் ஸ்ட்ரட்டே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) இதற்கு நேர்மாறு: பாடியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்க விட வேண்டும்.

தூக்கிய பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், இன்னொருவர் பால் ஜாயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஜாயின்ட்டில் அசைவு இல்லாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) பக்கம். ரப்பர்க் கவர் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். காலியாக ஓட்டும்போது தூக்கிப்போடுகிறது.

பாரத்துக்காகச் செய்த ஸ்பிரிங் காலியாக ஓடினால் கொஞ்சம் தூக்கத்தான் செய்யும். முன்பை விட மோசமாகியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறினால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், சின்ன மேடுகளில் ஸ்பிரிங் அசையவே அசையாது. பட்டை நுனிகளில் இருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்த் துண்டுகள் தேய்ந்து விழுந்திருந்தாலும் இதே கதைதான். ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) புஷ் இறுகிப்போயிருக்கிறதா, ஏதாவது பட்டை ஒடிந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். யூ போல்ட்டை (பட்டையை ஆக்சிலோடு கட்டும் போல்ட்) கழற்றினால் புதியது போட்டு, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடியும் டார்க் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் டார்ஷன் பார். உயரத்தை ஏற்றியதிலிருந்து முரடாகிவிட்டது.

அட்ஜஸ்ட் போல்ட்டைத் திருப்பினால் பாரின் விறைப்பு மாறாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஏற்றும்போது சக்கரம் கீழே இறங்க வேண்டிய இடத்தைத் திருடிக்கொள்கிறீர்கள். பள்ளம் வந்தால் சக்கரம் அதைத் தொடரக் கீழே இறங்க முடியாமல், இறக்கத்தைத் தடுக்கும் ஸ்டாப்பில் முட்டும். ஆக்சில் ஷாஃப்ட் மூட்டுகளின் கோணமும் கூடும், அலைன்மென்ட்டும் கெடும். மேனுவலில் சொன்ன உயரத்துக்கு இறக்கி அலைன்மென்ட் செய்யுங்கள். முரடு பெருமளவு போய்விடும்.

80 கி.மீ. தாண்டினால் நடுக்கம்.

80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் வந்து, அதற்கு மேல் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் பிரச்சினை. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பேலன்ஸ் செய்தும் போகாவிட்டால் ரிம் வளைவு, டயர் வட்டம் கெட்டது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற வரிசையில் பாருங்கள். கியர் போடும்போது ‘டக்’ என்று அடியில் சத்தம் வந்தால் ஜாயின்ட் மேல் சந்தேகம் கூடும். நடுக்கம் இல்லாமல் ரீங்காரம் மட்டும் கேட்டு, வண்டியை லேசாக இடம் வலம் சாய்க்கும்போது அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

முன்பக்கமும் முழு ஆக்சில். ஒரு பள்ளத்தில் அடித்ததும் ஸ்டியரிங் பயங்கரமாக உதறியது!

முன்பக்கம் முழு ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைக்கும் அமைப்பு) கொண்ட வண்டிகளில் இது வரும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, பதறாமல் வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங் உதறலை அடக்கும் ஷாக்) புதிதாகப் போட்டால் உதறல் மறையும், காரணம் அப்படியே இருக்கும். இந்தப் பரிந்துரையை மட்டும் ஏற்காதீர்கள்.

சக்கரம் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் விடாமல் சின்னச் சின்னதாகத் திருப்பட்டும். கை பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, மற்றவர் பக்கத்தில் இருந்து பான்ஹார்ட் ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) இரண்டு முனைகளையும் கவனிக்கட்டும். முனையில் போல்ட்டோ புஷ்ஷோ நகர்ந்தால் அதுதான் முதல் குற்றவாளி. பிறகு டை ராட் முனைகள், ஆர்ம் புஷ்கள், பால் ஜாயின்ட், டயர் பேலன்ஸ்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி. காலையில் பார்த்தால் ஒரு மூலை இறங்கியிருக்கிறது.

காற்று கசிகிறது. ரப்பர்ப் பை மடிகிற இடத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். குழாய் இணைப்புகளையும் விடாதீர்கள். ‘கொஞ்சம்தானே இறங்குகிறது’ என்று விட்டால், குறைந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். பையும் போய், கம்ப்ரஸரும் போய் வருகிறவர்கள்தான் அதிகம். தூக்குவதற்கு முன் ஏர் சஸ்பென்ஷனை மேனுவல் சொல்கிறபடி நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யும்போது தானாக இறங்கலாம்.

எலக்ட்ரானிக் ஷாக் உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை (கோட்) படியுங்கள். ஷாக்குக்கு மின்சாரம் வந்து சேராவிட்டால் விறைப்பான நிலையிலேயே நின்றுவிடும் அமைப்புகளும் உண்டு. ஒயர் அறுந்ததற்கு ஷாக்கை மாற்ற வேண்டாம்.

புது ஷாக் போட்டோம். முன்பை விட முரடாக இருக்கிறது!

மூன்று காரணங்கள். ஒன்று, செத்துப்போன ஷாக்கில் பழகிய உடம்புக்கு நல்ல ஷாக்கே விறைப்பாகத் தோன்றும்; கொஞ்ச நாளில் சரியாகும். இரண்டு, கனமான பம்பர், விஞ்ச், முழுப் பாரம் ஏற்றும் வண்டிக்கான ஷாக்கைக் காலி வண்டிக்குப் போட்டிருக்கலாம். ‘ஹெவி டியூட்டி’ என்றால் நல்லது என்று நினைக்காதீர்கள், அது உங்கள் வண்டியின் எடைக்குப் பொருந்த வேண்டும். மூன்று, மேலே சொன்னபடி தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கியிருக்கலாம். மூன்றாவதைச் சரிசெய்யக் காசே ஆகாது: வண்டியைத் தரையில் நிறுத்தி, தளர்த்தி, இறுக்கினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாமா?

கெட்டது தெரியாமல் அத்தனையும் மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் அதே ஆக்சிலில் இடது வலது ஜோடியாகத்தான் மாற வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசிக் கவரையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒரே தடவைதான். வரிசை என்றால்: பால் ஜாயின்ட், டை ராட் போல உயிருக்கு ஆபத்தானவை முதலில். அடுத்து டயர். பிறகு ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், ஷாக். சத்தம் மட்டும் போடும் லிங்க் ராட் காத்திருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடாதது எது?

ஸ்ட்ரட்டில் இருக்கும் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவது. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும் விசையோடு பாயும். சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸரும் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) அனுபவமும் இல்லாமல் தொட வேண்டாம். பார்ப்பதற்காக அடியில் போனாலும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டே போங்கள்.

வேலை முடிந்த பிறகு?

ஆர்ம், டை ராட், ஸ்பிரிங், ஸ்ட்ரட் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பழைய உயர அளவுகளைக் குறித்துவைத்திருந்தால் இப்போது மறுபடியும் அளந்து ஒப்பிடுங்கள். கழற்றிய போல்ட்டுகளை சில நூறு கி.மீ. ஓடியதும் ஒரு தடவை டார்க் பார்த்துவிடுங்கள். கோளாறு தெரிந்த அதே சாலையில், அதே வேகத்தில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.